எண்பத்தெட்டுக் கொட்டகைகள்

மனிதனை மிருகத்திலிருந்து பிரித்துக் காட்டுவது நெருப்பும் அல்ல, மொழியும் அல்ல, கட்டட அனுமதிதான். கரையான் கேட்காமல் கட்டுகிறது. குருவி கேட்காமல் கட்டுகிறது. கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வெளியே நிற்கும் ஒரே பிராணி மனிதன்.

ஜொகூர் பாருவில், பட்டணத்துப் போர்டு ஆபீசின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, சிற்றம்பலம் 1928ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் காலை இப்படித் திருவாய் மலர்ந்தார். மலர்ந்த வாய் மூடுவதற்குள், அவர் தலைக்கு நேர் மேலே சுவர்த் துவாரத்தில் ஒரு குருவி நாலே நாளில் கட்டி முடித்திருந்த கூட்டிலிருந்து ஒரு புல் துரும்பு நழுவி, மேஜைமேல் மைக்கூட்டில் விழுந்து மிதந்தது. அவர் அதைப் பேனா முனையால் எடுத்துப் போட்டுவிட்டு மேலே பேசினார்.

எதிரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவன் செல்லப்பன், கொத்தனார். பாலோவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். ரப்பர் மரத்துக்கு விடிகாலையில் சலாம் போடப் பிடிக்காமல் கரண்டியைக் கையில் எடுத்து, பட்டணத்துக்கு வந்து, பாதித் தெருவுக்குச் சுவர் எழுப்பியிருந்தான். இப்போது தனக்கென்று ஒன்று எழுப்ப வந்திருந்தான். பிளானைச் சுருள் பிரித்து மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னான்.

"அனுமதி கிடைச்சா நாப்பது நாள்ல முடிச்சிருவேங்க, கிராணி ஐயா."

அது பிசகு. ஆபீசில் வேகத்தைப் பற்றிப் பேசுவது, இழவு வீட்டில் சாப்பாட்டு ருசியைப் பற்றிப் பேசுவது மாதிரி.

"நாப்பது நாளோ?" என்றார் சிற்றம்பலம். "நாப்பது நாளிலை கட்டுற வீட்டுக்கு, அது நிக்குமோ விழுமோ எண்டு நாங்கள் எத்தினை நாள் யோசிக்க வேணும்? அதைச் சொல்லும்."

சிற்றம்பலம் மேஜையின் வலது பக்கமிருந்த சின்ன வெண்கலக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சைவப் பழம் அவர்; நம்மவர் யார் வந்தாலும் நெற்றிக்குச் சந்தனம் தராமல் அனுப்புவதில்லை.

"தொட்டு வையும். மைசூர்ச் சந்தனம். வாசத்தைப் பாரும்."

செல்லப்பன் மோதிர விரலால் தொட்டுப் பொட்டு வைத்துக்கொண்டான். ரசம் தாளிக்கிற வாசம் அடித்தது. பெரிய இடத்துச் சந்தனம் அப்படித்தான் இருக்கும்போல என்று எண்ணிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தான்.

அவனுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஊருக்கு வெளியே, தெப்ராவ் போகிற சாலையோரம் அவனுக்கு நில ஆபீஸ் ஒரு துண்டு நிலம் கொடுத்திருந்தது. கொடுத்த பத்திரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: 1929 டிசம்பர் 31ஆம் தேதிக்குள் அதில் ஒரு வீடு எழுந்து நிற்க வேண்டும், நிற்காவிட்டால் நிலம் சர்க்காருக்கே திரும்பிவிடும். போர்டின் அனுமதி இல்லாமல் எழுப்பினாலோ, போர்டே ஆள் அனுப்பி இடித்துவிடும். ஒரு ஆபீஸ் கட்டு என்றது. இன்னொரு ஆபீஸ் இப்போது கட்டாதே என்றது. இரண்டும் ஒரே வராந்தாவில் எதிரெதிரே இருந்தன. இரண்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

இன்னொரு காரணம் நாலு வயசு மகள் கிருஷ்ணம்மா. செல்லப்பனும் அவன் மனைவி வெள்ளையம்மாவும் குடியிருந்தது ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சீனன் கடைவீட்டு மாடியில், பலகை அடித்துத் தடுத்த அறையில். சன்னல் கிடையாது. பகலிலும் விளக்கு வேண்டும். கிருஷ்ணம்மா அங்கே இருமிக்கொண்டே வளர்ந்தாள். ஆஸ்பத்திரி டிரெஸர் மருந்துத் தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிட்டு, "மருந்து வேணாம், காத்து வேணும்" என்று சொல்லியிருந்தார். அதனால் செல்லப்பனுடைய பிளானில் ஒரே அறைக்கு மூன்று சன்னல்.

பிளான் போட்டவர் கனகராஜ். கடைவீதி அஞ்சடி நடைபாதையில் மேஜை போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கத்து ஏழைகளுக்கெல்லாம் வீட்டைக் காகிதத்தில் கட்டிக் கொடுப்பவர். கொடுக்கும்போதே எச்சரித்தார்.

"இந்தா பாரு செல்லப்பா, இது துணியில ஒட்டின காயிதம். எண்ணெய்க் கை, வெத்தலைக் கை எதுவும் படக்கூடாது. அந்த ஆபீஸ்ல ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கு. சிவப்பு புதுசா கட்டப் போறது. கறுப்பு ஏற்கெனவே இருக்கறது. மஞ்ச, இடிச்சுத் தள்ள வேண்டிய பழசு. நீ பாட்டுக்கு வெத்தல எச்சிலைத் துப்பி வச்சா மாடி கட்டப் போறேன்னு அர்த்தம் பண்ணிக்குவாங்க."

அதை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வெள்ளையம்மா ஒரு துண்டு மஞ்சளை உரசி, விரலில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"புதுக் காயிதம். நாலு மூலைக்கும் ஒரு பொட்டு வச்சுக் குடுங்க. நல்லது நடக்கப் போவுது."

"கல்யாணப் பத்திரிகையா இது? தள்ளிப் போ புள்ள" என்று அவன் பிளானைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டான். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி உத்தரத்தில் சொருகிவிட்டான். அவள் விரலில் இருந்ததைத் தன் தாலியில் தடவிக்கொண்டு போய்விட்டாள். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

செப்டம்பரில் போனான். "பரிசீலனையிலை இருக்குது" என்றார் சிற்றம்பலம். அக்டோபரில் போனான். "பரிசீலிக்க எடுக்க வேணும்" என்றார். நவம்பரில் கேட்டபோது விஷயம் இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போய், "வரிசையிலை இருக்குது" என்று ஆனது. ஒவ்வொரு முறையும் கிண்ணம் நகர்ந்து வந்தது. ஒவ்வொரு முறையும் செல்லப்பன் பொட்டு வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். வெள்ளையம்மா அவன் துண்டைத் துவைக்கும்போது முணுமுணுத்தாள்.

"ஆபீசுக்குப் போய்ட்டு வந்தா துண்டெல்லாம் மஞ்சக் கறை. சோப்புக்குப் போவ மாட்டேங்குது."

"மைசூர்ச் சந்தனம். உனக்கென்ன தெரியும்."

பொங்கல் கழிந்த வாரம் ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். செல்லப்பன் சட்டை போட்டுக்கொண்டு ஓடினான். மேஜைமேல் அவனுடைய பிளான் விரிந்து கிடந்தது. நாலு மூலையிலும், நிலத்தின் எல்லைக்கோட்டுக்கு உள்ளே, பெருவிரல் அகலத்துக்கு நாலு மஞ்சள் பொட்டு.

"இது என்ன காணும்?" என்றார் சிற்றம்பலம்.

அது என்ன என்று செல்லப்பனுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. யார் செய்தது என்றும் தெரிந்தது.

"மஞ்சங்க ஐயா. வீட்ல பொம்பளைங்க... தெரியாம வச்சிட்டாங்க."

"உங்கடை தோட்டத்து ஆக்களின்ரை பழக்கம் எனக்குத் தெரியாதோ? காயிதத்தைக் கண்டால் மஞ்சள், கல்லைக் கண்டால் மஞ்சள்." சிற்றம்பலம் சுவரில் மாட்டியிருந்த நிறவிதி அட்டையை விரலால் காட்டினார். "ஆனால் இஞ்சை மஞ்சளுக்கு ஒரே அர்த்தம்தான். இடிக்க வேண்டிய கட்டடம். உம்முடைய நிலத்திலை நாலு மூலைக்கும் நாலு பழைய கொட்டகை நிக்குது. முதலிலை அதை இடியும். பிறகு வீட்டைப் பற்றிக் கதைப்பம்."

"நெலத்துல ஒண்ணுமே இல்லீங்க. லாலான் புல்லுதான் இருக்கு."

"பிளானிலை இருக்குதே."

"சொரண்டி எடுத்துரலாங்களா?"

"அரசாங்கத்துக்கு வந்து சேர்ந்த காயிதத்தைச் சுரண்டினால் அதுக்குப் பேர் வேறை காணும். சிறைக்குப் போக வேண்டி வரும்."

"அப்ப வேற பிளான் போட்டுக் கொண்டாரேங்க."

"தாராளமாய்க் கொண்டு வாரும். புதுப் பிளான், புது விண்ணப்பம். வரிசையிலை கடைசி." கிண்ணம் நகர்ந்து வந்தது. "தொட்டு வையும்."

அன்று அவன் வீட்டுப் படியேறும்போதே குரலை உயர்த்திக்கொண்டு ஏறினான்.

"வேணாம் வேணாம்னு சொன்னேன்ல? கேட்டியா? இப்ப பாரு. நாலு கொட்டகைய இடிக்கணுமாம். இல்லாத கொட்டகைய எங்கேருந்து இடிக்கறது?"

வெள்ளையம்மா சுளகைக் கீழே வைத்தாள். "நான் வைக்கல."

"நீ வைக்காம பிளானுக்கு அதுவா மஞ்சக் காமாலை வந்துச்சா?"

"நான் வைக்கலங்க. நீங்க வேணாம்னீங்க, விட்டுட்டேன். மாரியம்மன் கோயில்ல சூடம் அணைச்சு வேணும்னாலும் சொல்றேன்."

"சூடத்தை அணைச்சிட்டா கொட்டகை போயிருமா?"

மறுநாள் அவள் உண்மையிலேயே கோயிலுக்குப் போய்ச் சூடத்தை உள்ளங்கையில் அணைத்துவிட்டு வந்தாள். கை கொப்பளித்திருந்தது. செல்லப்பன் அதைப் பார்த்தான். பொய்ச் சத்தியம் வேறு பண்ணுகிறாளே என்று அவனுக்கு இன்னும் பயம் வந்தது. பத்து நாள் அவளோடு பேசவில்லை. மாசியில் கிருஷ்ணம்மாவின் இருமல் அதிகமானதும், அவளைப் பெக்கோக்கில் தோட்ட லயத்தில் இருந்த வெள்ளையம்மாவின் அக்கா பேச்சியம்மாளிடம் அனுப்பினார்கள். அங்கே காற்று இருந்தது. வீடு முடிந்ததும் கூட்டி வந்துவிடலாம் என்று பேச்சு. ரயில் நகரும்போது குழந்தை அழவில்லை. இருமிக்கொண்டே வேடிக்கை பார்த்தது.

இதற்கிடையில் சிற்றம்பலம், வரிசையில் இருந்த மற்ற பிளான்களையும் ஒன்றுக்குப்பின் ஒன்றாக விரித்தார். மொத்தம் இருபத்திரண்டு விண்ணப்பம். சீனத் தவுக்கே முதலாளி ஒருவருடையது, மலாய்ப் போலீஸ் சார்ஜன்ட் ஒருவருடையது, சீக்கியக் காவல்காரர் ஒருவருடையது. எல்லாவற்றிலும் நாலு மூலைக்கு நாலு மஞ்சள் பொட்டு. சாதாரண மனிதனுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். சிற்றம்பலம் சாதாரண மனிதர் அல்லர்; லண்டன் சோதனை எழுதித் தேறியவர். அவருக்குச் சந்தேகம் வரவில்லை, கண்டுபிடிப்பு வந்தது. பதினோரு பக்கத்தில் இங்கிலீஷில் ஓர் அறிக்கை எழுதினார். இந்தப் பட்டணத்தில் சாதி மத பேதமில்லாமல், நிலத்துக்கு நாலு வீதம், மூலைக்கு ஒன்றாகக் கள்ளக் கொட்டகைகள் பெருகிவிட்டன, அவை எண்பத்தெட்டு, கொசுவும் காய்ச்சலும் அங்கிருந்தே உற்பத்தியாகின்றன. போர்டுத் தலைவரான வெள்ளைக்காரத் துரை அறிக்கையின் ஓரத்தில், "மிகத் திறமையான வேலை" என்று பென்சிலால் எழுதினார். சிற்றம்பலம் அந்தப் பக்கத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். குருவி எச்சம் படாத மூலையாகப் பார்த்து வைத்தார்.

கட்டட இன்ஸ்பெக்டர் இஞ்சே யூசோப் சைக்கிளில் செல்லப்பனுடைய நிலத்துக்கு வந்தார். நாலு மூலைக்கும் நடந்தார். சப்பாத்தில் ஒட்டிய புல்விதையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "தாடா" என்றார். மலாயில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அப்படியே எழுதியும் கொடுத்தார். சிற்றம்பலம் அதன் கீழே, "இன்ஸ்பெக்டர் வடிவாய்ப் பார்க்கவில்லை" என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். யூசோப் மார்ச்சில் மறுபடி வந்தார், மே மாதத்தில் மறுபடி வந்தார். மூன்றாம் முறை சைக்கிளை விட்டு இறங்கவில்லை. சாலையிலிருந்தே "தாடா, செல்லப்பா" என்று கை காட்டிவிட்டுப் போனார்.

வழி சொன்னவர் கனகராஜ்தான்.

"இல்லாததைத்தானப்பா இடிக்க முடியாது. இருக்கறதை இடிக்கலாம்ல? நாலு கொட்டகை போடு. இன்ஸ்பெக்டரக் கூப்பிட்டுக் காட்டு. அவர் கண்ணு முன்னாலயே இடிச்சுப் போடு. எழுதி வாங்கிக்க."

செல்லப்பன் பதினைந்து வருஷம் கட்டடம் கட்டியவன். இடிப்பதற்காக அதுவரை கட்டியதில்லை. ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆபீஸ் மூடியிருக்கும் நாளாகப் பார்த்து, நிலத்தின் நாலு மூலையிலும் கம்பு நட்டு, நிப்பா ஓலை அத்தாப்பு வேய்ந்து நாலு கொட்டகை போட்டான். கை பழக்கத்தை விடவில்லை. நாலும் நூல் பிடித்த மாதிரி நின்றன. வெள்ளையம்மா ஓலை எடுத்துக் கொடுத்தாள். சனிக்கிழமை யூசோப் வந்து நாலையும் சுற்றிப் பார்த்து, "அலாமாக்" என்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். செல்லப்பன் அவர் முன்னாலேயே நாலையும் மிதித்துத் தள்ளினான். நாலாவதை மிதிக்கும்போது வேண்டியதற்கு மேல் மிதித்தான்.

யூசோப் நேர்மையான மனிதர். உள்ளதை உள்ளபடி எழுதினார்: நாலு கொட்டகை இருந்தது, பச்சை ஓலை, இடிக்கப்பட்டது.

சிற்றம்பலம் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பச்சை ஓலையோ. பிளானிலை கொட்டகை போன வருஷம் ஆகஸ்டிலையே இருக்குது. இது போன கிழமை போட்ட ஓலை. எனவே நீர் இடிச்சது வேறை நாலு கொட்டகை. அனுமதியில்லாமல் கட்டினது. அதுக்குத் தனிக் கடுதாசி வரும். பழைய நாலும் இன்னும் அங்கையேதான் நிக்குது."

"எங்கங்க நிக்குது?"

"நீரல்லோ சொல்ல வேணும்."

அக்டோபர் வந்தது. நில ஆபீஸ் கெடு முடிய இன்னும் எண்பது நாள். நாற்பது நாள் கட்டுவதற்குப் போதும், ஓடு போடாமல் தகரம் போட்டால் முப்பத்தைந்து. இந்தக் கணக்கை மனசுக்குள் உருட்டிக்கொண்டே செல்லப்பன் ஒரு வியாழக்கிழமை காலை போர்டு ஆபீசுக்குப் போனான். வாசலில் மாவிலை கட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் ஆபீசில் சரஸ்வதி பூசையை முதல் நாளே வைத்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் சிற்றம்பலத்தின் ஏற்பாடு. அலமாரிக் கதவின் உட்புறத்தில் சரஸ்வதி படம், அதற்கு ஒரு மாலை. கீழே சுண்டல். படத்தின் முன்னால் மேஜைமேல், அந்த வருஷம் புதிதாக வந்த பிளான்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

சிற்றம்பலம் இடுப்பில் சால்வையைக் கட்டிக்கொண்டு, கண்களைப் பாதி மூடி, வாய்க்குள் ஏதோ தோத்திரம் சொல்லிக்கொண்டே, இடது கையில் வெண்கலக் கிண்ணத்தை ஏந்தி நின்றார். பிளானை ஒவ்வொன்றாக எடுத்தார். வலது பெருவிரலைக் கிண்ணத்தில் தோய்த்தார். ஒரு மூலை. இரண்டாவது மூலை. மூன்றாவது மூலை. நாலாவது மூலை. பிறகு அடுத்த பிளான்.

செல்லப்பன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ஏழாவது பிளான்வரை பார்த்தான்.

"ஐயா" என்றான்.

"பொறும் காணும், பூசை."

"ஐயா, அது கொட்டகைங்க."

விரல் கிண்ணத்திலிருந்து பாதி வழி வந்து நின்றது. சிற்றம்பலம் முதலில் செல்லப்பனைப் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பிளானின் மூன்று மூலையைப் பார்த்தார். அந்த முகத்தில் அதற்கு முன் ஒருநாளும் காணாத ஒன்றைச் செல்லப்பன் கண்டான். பயம்.

சிற்றம்பலம் கூட்டாளிக் கிராணிமாரைச் சுண்டலோடு வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பதினான்கு மாதத்தில் முதல் முறையாக, "இரும்" என்று நாற்காலியைக் காட்டினார். செல்லப்பன் உட்காரவில்லை, உட்கார்ந்து பழக்கமில்லை.

"நான் சரசுவதிக்குத்தான் வைச்சனான்" என்றார் மெதுவாக. "காயிதத்துக்கு எண்டு வைக்கேல்லை. மைசூர்ச் சந்தனம் எண்டால் மூண்டு நாளிலை காய்ஞ்சு உதிர்ந்திருக்கும். இஞ்சை சந்தனக்கட்டை விக்கிற விலைக்கு... வீட்டிலை கொஞ்சம் மஞ்சள் கலக்கிறவை."

"கொஞ்சங்களா?"

சிற்றம்பலம் கிண்ணத்தை அலமாரிக்குள் வைத்தார்.

"பரவால்லீங்க ஐயா. ஒரு வரி எழுதிக் குடுங்க. எதுத்தாப்ல நெல ஆபீஸ்ல காட்டிக் கெடு கேட்டுக்கறேன். தாமசம் எங்களால இல்ல, போர்டாலதான்னு ஒரே ஒரு வரி."

"அப்பிடி எழுதினால்," என்றார் சிற்றம்பலம் வருத்தத்தோடு, "தாமதம் எங்களாலை எண்டு ஆகிவிடும்."

"உங்களாலதானுங்களே."

"அது வேறை. எழுதுறது வேறை."

"அப்ப என்னோட பிளானையாவது விடுங்க ஐயா. இப்ப விட்டாக்கூட கட்டிருவேன்."

சிற்றம்பலம் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த பென்சில் எழுத்தைப் பார்த்தார். செல்லப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் தன் வீடு அந்தக் கண்ணாடிக்குக் கீழே நசுங்கிக் கிடக்கிறது என்பது அவனுக்கு ஒருமாதிரி விளங்கியது.

"ஒண்டை மட்டும் தனியாய் விட்டால், மற்ற இருபத்தொண்டும் என்ன எண்டு துரை கேட்பார். எண்பத்தெட்டும் ஒண்டாய்த்தான் இடிபட வேணும். நான் செய்யிறன். விதிப்படி செய்யிறன். நீர் மட்டும் இதை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. வீட்டிலையும்." குரல் தாழ்ந்தது. "எனக்கும் பிள்ளையள் இருக்குது காணும்."

செல்லப்பன் தலையாட்டிவிட்டு வந்தான். படியேறி வரும்போது, வெள்ளையம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். உள்ளங்கையில் சூடம் சுட்ட தழும்பு தண்ணீருக்குள் வெளுப்பாகத் தெரிந்தது. செல்லப்பனுக்குச் சட்டென்று கிராணிக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. வாக்கு வாக்குதான். அது அவனுக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

சிற்றம்பலம் சொன்ன சொல் தவறவில்லை. விதிப்படியே செய்தார். இருபத்திரண்டு நிலத்துக்கும் இஞ்சே யூசோப்பைத் திரும்ப அனுப்பினார். ஆனால் இந்த முறை காகிதத்தில் கேள்வியை மாற்றியிருந்தார்: "கொட்டகைகள் இப்போது இல்லை என்பது உண்மையா?" யூசோப் இருபத்திரண்டு முறை உண்மை என்று எழுதினார். நவம்பரில் அடைமழை, சைக்கிள் போகாத நிலங்கள் காத்திருந்தன. டிசம்பர்க் கூட்டத்தன்று துரை மெர்சிங் பக்கம் புலி வேட்டைக்குப் போயிருந்தார். கூட்டத்துக்கு ஆள் போதவில்லை, ஒத்திவைத்தார்கள்.

டிசம்பர் மாதம் பூராவும் செல்லப்பன் வேலை முடிந்ததும் நிலத்துக்குப் போய் நின்றான். செங்கல்லை அடுக்கி, தகரத்தால் மூடி வைத்திருந்தான். அனுமதியில்லாமல் ஒரு கல்லை வைத்தாலும், அதையே காரணம் காட்டி விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள் என்று கனகராஜ் சொல்லியிருந்தார். அதனால் வைக்கவில்லை. முப்பத்தோராம் தேதி சாயந்தரம் மழைக்கு நடுவே போய், சன்னல் வரவேண்டிய மூன்று இடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினான். இரண்டாம் தேதி நில ஆபீஸ் ஆள் ஒரு கட்டையில் சர்க்கார் நம்பர் எழுதிக் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனான். நில ஆபீசின் மேல் குற்றமில்லை. பத்திரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததைத்தான் செய்தார்கள்.

ஜனவரி பதினான்காம் தேதி அனுமதி வந்தது. அரக்கு முத்திரையோடு, பிளானும் சேர்த்து. ஒரே வருஷத்தில் எண்பத்தெட்டுக் கள்ளக் கொட்டகைகளைப் பட்டணத்திலிருந்து அகற்றிய திறமைக்காகச் சிற்றம்பலத்துக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது என்று அன்றுதான் கனகராஜ் சொன்னார்.

வெள்ளையம்மா பிளானைத் தரையில் விரித்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. சிவப்புக் கோட்டில் சன்னல் எது என்று விரலை வைத்துத் தேடினாள், மூன்றையும் கண்டுபிடித்தாள். பெக்கோக்கிலிருந்து வந்தவர்கள், கிருஷ்ணம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டதென்றும், பேச்சியம்மாளை அம்மா என்று கூப்பிடுகிறாளென்றும் போன வாரம் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றி இருவரும் இன்னும் பேசவில்லை. பிறகு அவளுடைய விரல் மூலையிலிருந்த மஞ்சள் பொட்டுக்கு வந்தது. கொடியில் தொங்கிய செல்லப்பனின் துண்டை இழுத்து, அதன் கறையைப் பொட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தக் கிராணி வச்சதுதானே" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"துண்டைத் தொவைக்கறது நாந்தானே. போன தையிலயே தெரியும்."

"அப்பயே ஏன் சொல்லல?"

"சொன்னேன். நான் வைக்கலன்னு சொன்னேன்."

அவள் பிளானைச் சுருட்டி, பழையபடி உத்தரத்தில் சொருகினாள்.

செல்லப்பன் அந்த ஆபீசுக்குப் பதினொரு முறை போயிருந்தான். பதினொரு முறையும் அந்தக் கிண்ணத்திலிருந்துதான் நெற்றிக்கு வைத்துக்கொண்டு வந்திருந்தான்.